எழுத்தறிவு யாருக்காக? தோட்டத்து வளர்ந்தோர் கல்வியும் தொண்டாசிரியர் பணியும்

வயதுவந்தோருக்கு எழுத்தறிவித்தல் இரக்கத்தின்பாற்பட்ட பணியாகவே நம்மிடையே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. எழுத்தறிவிப்பவனை இறைவனுக்கு நிகராக வைத்தெண்ணும் மரபு எமது. ஆயின் அம்மரபு அறிவிப்பவனின் உயர்வை விதந்துரைக்குமளவிற்குக் கற்பவனின் தேவையை விசாரிப்பதில்லை. ஒருவன் எதனை வாசிக்கும்பொருட்டு எழுத்துக் கற்கிறான், அவன் கற்பதனால் யாருடைய நலன் பேணப்படுகிறது என்னும் வினாக்களை எழுப்பாது இப்பொருளை விளங்கிக்கொள்ளல் இயலாது. புலம்பெயர்ந்து வந்த உழைப்பாளருக்கு வேற்றுமொழியையும் எழுத்தையும் கற்பிக்கும் தொண்டு குறித்து நோக்குமிடத்து இவ்வினாக்கள் மேலும் கூர்மையடைகின்றன.

கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள தெல்தெனியப் பிரதேசத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். மகாவலியை மறித்து 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்ரோறியா அணையின் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. இன்றுள்ளது புதிய நகரம். பள்ளத்தாக்கில் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் மக்களின் குடியிருப்புகளும் உள்ளன. றங்கலைப் பக்கமாக மேலேறும் மலைச் சரிவுகளில், பெருந்தோட்ட லயங்களில், தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். மொழியால் இவ்வாறு பிரிந்து கிடக்கும் ஒரு நிலப்பரப்பில் அச்சடித்த தாளொன்று யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது என்பது வெறும் கல்விப் பிரச்சினையன்று.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு உழைப்பாளர் வரத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதலாகவே அவர்தம் வாழ்வைத் தாள்கள் ஆண்டு வந்துள்ளன. 1921இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய துண்டு முறை இதற்குத் தக்க உதாரணமாகும். தொழிலாளி பட்ட கடனைக் குறிப்பிட்டு, அத்தொகை செலுத்தப்பட்டால் அவன் விடுவிக்கப்படுவான் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. தன்னை விலைகூறும் அச்சீட்டைத் தொழிலாளியால் வாசிக்க முடியாது; வாசித்தவர்கள் கங்காணியும் துரையுமே. செக்ரோலின் கதையும் இதுவே. பறித்த கொழுந்தின் நிறைக்கேற்ப முழுப் பேர், அரைப் பேர் எனப் பதியப்பட்ட அவ்வேட்டில் தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டது யாதெனப் பறித்தவள் அறியாள். எழுத்தறியாமை இங்கு இயற்கையான குறைபாடன்று. உற்பத்தி உறவொன்றின் உறுப்பாக அது பேணப்பட்டது.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. விளைந்ததோ பெரும்பாலும் ஓர் அறையும் ஓராசிரியரும் கொண்ட பாடசாலை. கொழுந்து பறிக்கக் கை வேண்டிய முதலாளியம் வாசிக்கும் கண்ணை வேண்டியதில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களை உரியவாறு எட்டவில்லை. 1970களிலேயே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கலாயிற்று. இடைப்பட்ட தலைமுறைகள் பெற்ற கல்வி சொற்பமே. பெண்களின் நிலை அதனினும் தாழ்ந்திருந்தது.

எழுத்தறியாமைக்கு அரசியல் விலையும் உண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை வரும் வரை இலங்கையில் வாக்காளராவதற்கு ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றில் எழுத வாசிக்கத் தெரிந்திருத்தல் ஒரு நிபந்தனையாக இருந்தது. வருமான நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது. சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினரே அன்று வாக்குரிமை பெற்றிருந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபின், தாளின் ஆட்சி உச்சத்தை அடைந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க இரண்டாண்டுக் கெடு விதிக்கப்பட்டது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர் சார்பில் அனுப்பப்பட்டன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே. எழுத்தறிவு இருந்திருப்பின் அநீதியான அச்சட்டம் நீதியானதாகியிராது. ஆயின் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் விண்ணப்பத்திற் பெருவிரலைப் பதிக்கும் மனிதன், தன் வழக்கையே பிறர் வாயாற் கேட்கும் நிலையில் இருந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடைவெளியை முதலில் உணர்ந்தவர்களுள் கோ. நடேசய்யர் குறிப்பிடத்தக்கவர். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கத்தையும் அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளரின் நிலைமையைப் பாடல்களாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அவற்றை அச்சிட்டும் வழங்கினார். வாசிக்க ஒருவரும் கேட்கப் பலருமாயிருந்த சமூகத்தில் பாட்டுப் புத்தகமே வாய்மொழிக்கும் அச்சுக்கும் பாலமாயிற்று. ஏற்கெனவே செவிவழி அறிந்த பாட்டைத் தாளிற் கண்டு எழுத்துக்கூட்டுபவர், அறியாததொன்றைப் படிக்கவில்லை. அறிந்ததன் வடிவத்தையே காண்கிறார். வளர்ந்தோர் கல்வியின் அடிப்படை நியதி இதுவேயாம்.

உலக அனுபவம் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் போர்ட் மோட்டார் நிறுவனம் 1914இல் தன் புலம்பெயர் தொழிலாளருக்கென ஆங்கிலப் பள்ளியொன்றை நடத்தத் தொடங்கியது. அங்கும் கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்களே. எனினும் தொழிற்சாலை ஒழுங்குக்குக் கீழ்ப்படியும் சிக்கனமான தொழிலாளியை உருவாக்குதலே அதன் நோக்கமாயிருந்தது. கனடாவிலோ 1899இல் அல்பிரட் பிற்ஸ்பற்றிக் தோற்றுவித்து, பின்னர் புரொன்ரியர் கல்லூரி எனப் பெயர்பெற்ற அமைப்பு வேறொரு வழியைக் கண்டது. அதன் ஆசிரியர்கள் மரம்வெட்டும் முகாம்களிலும் புகையிரதப் பாதைகளிலும் பகலெல்லாம் தொழிலாளரோடு உழைத்து, இரவிற் கற்பித்தனர். பிற்காலத்திற் சீன விடுதலைப் போராளரிடையே மருத்துவராய்ப் பணிபுரிந்து உயிர்நீத்த நோர்மன் பெதியூன், 1911இல் அத்தகைய தொழிலாள ஆசிரியராக இருந்தவர். அவ்வமைப்பும் குடிவந்தோரை அந்நாட்டு ஒழுங்கிற்கேற்ப வார்த்தெடுக்கும் நோக்கிலிருந்து விடுபட்டதன்று. ஆயினும் கற்பிப்போனும் கற்போனும் ஒரே கோடரியைப் பிடித்தமை அவர்களிடை இருந்த உறவை ஓரளவேனும் மாற்றியது.

பிரேசிலிய அறிஞர் பௌலோ பிரெய்ரி 1963இல் அங்கிகோஸ் என்னுமூரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு 40 மணித்தியாலங்களில் எழுத்தறிவூட்டும் முயற்சியை நடத்தினார். எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த நாடு அது. அம்மறுப்பு நீங்கியது 1985இலேயே. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் பிரெய்ரியைச் சிறையிலிட்டது. அவர் நாடுகடந்து வாழ நேர்ந்தது. அரிச்சுவடி கற்பித்தல் ஏன் குற்றமாயிற்று? கற்போரின் வாழ்விலிருந்தே சொற்களைத் தெரிந்து, அச்சொற் குறிக்கும் நிலைமை ஏன் அவ்வாறுள்ளது என்று உரையாடச் செய்தமையே காரணம். 1961இல் கியூபா ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட இளைஞரை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பி ஒரே ஆண்டில் 7 இலட்சத்திற்கு மேற்பட்டோரை எழுத்தறிவுடையோராக்கியது. தொண்டர்களின் ஆர்வத்தோடு நிலச்சீர்திருத்தமும் அரச ஒழுங்கமைப்பும் சேர்ந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று.

இவ்வனுபவங்களை எமது மலைச்சரிவுக்குப் பொருத்திப் பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவருக்கு 247 எழுத்துகளையும் நெடுங்கணக்கு வரிசையிற் கற்பிக்க வேண்டியதில்லை. ல, ய, ம, ப, ட என்னும் ஐந்தெழுத்துகளும் மெய்க்குரிய புள்ளியும் தெரிந்தால் லயம், பயம், பலம், பட்டம், மட்டம் முதலான சொற்கள் கைவந்துவிடும். லயம் என்னும் சொல்லை எழுதுபவர், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் அவ்வீடு ஏன் தமக்கு உரித்தாகவில்லை என்று கேட்பதைத் தடுத்தல் அரிது. அடுத்து எண்கள்: தராசின் நிறை, கழிவு, நாட்சம்பளம், சம்பளச் சீட்டின் பிடித்தங்கள். தன் நாட்கணக்கைத் தன் கொப்பியிற் குறித்து, மாதமுடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடும் பெண், பரீட்சையெதனிலும் சித்தியடையத் தேவையில்லை.

இரண்டாம் மொழி குறித்தும் தெளிவு வேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அரசின் தாள்கள் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்திற்கு மாறின. தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றே. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், அவ்வுரிமை தாளிலும் கருமபீடத்திலும் ஒருசேரக் கிட்டுவதில்லை. நாடற்றோராய் எஞ்சியோருக்கு வழிசெய்த சட்டம் 2003இலேயே வந்தது. ஆகவே முதலெழுத்து தாய்மொழியிலே அமைதல் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் அதன்மேற் கட்டப்படல் வேண்டும். சிங்களம் அயற்கிராமத்து விவசாயியோடு உரையாடும் மொழி. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களுக்கெதிராக மூண்ட வன்செயலைக் கண்ட பிரதேசத்தில், ஒடுக்கப்பட்டோர் ஒருவர் மொழியை ஒருவர் அறிதலின் அரசியற் பெறுமதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆங்கிலமோ வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவர் எதிர்கொள்ளும் மொழிகளுள் ஒன்று. அவர் கையிலும் ஒரு புதிய துண்டு இருக்கக்கூடும்.

பேராதனை போன்ற பல்கலைக்கழகச் சூழலிலிருந்து இப்பணிக்குச் செல்லும் இளைஞர் சிலவற்றைத் தவிர்த்தல் நன்று. தொழிலாளிக்காக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது அவசர உதவி; அதனையே வழமையாக்கின், கங்காணியின் இடத்திற் பட்டதாரி அமர்ந்தவராவார். வகுப்பின் நேரத்தையும் பாடத்தையும் கற்போரே தீர்மானித்தல் வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்குச் செல்ல வேண்டிய பெண், சமையலும் முடித்து வகுப்பிற்கு வருகிறாள். அவளுடைய இரவை மதிக்காத பாடத்திட்டம் எத்துணை முற்போக்கானதாயினும் பயனற்றது. கற்றுத் தேர்ந்தோர் அதே லயத்தில் அடுத்தவருக்குக் கற்பிக்க, தொண்டர் விலகிச் செல்லக்கூடிய நிலை தோன்றுதலே வெற்றிக்கு அளவுகோல்.

எழுத்தறிவு தன்னளவில் விடுதலையன்று. கூலியையும் நிலத்தையும் அது மாற்றிவிடாது. அவற்றை மாற்றுவது ஒன்றுபட்ட போராட்டமே. எனினும் தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டதைத் தானே வாசிப்பவர், அது பிழையெனில் பிழையென்று சொல்வதற்கு இன்னொருவரின் அனுமதியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தொண்டாசிரியரின் பணி அந்த எல்லைவரை துணைநிற்பதாகும். அதற்கப்பாற் செல்லும் வழியைத் தொழிலாளரே வகுப்பர்.