பேரப்பிள்ளைகள் ஓடியாட வேண்டாமா?

கோலார் தங்கவயல் உடம்பால் எழுந்த ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் இங்கே லைன் வீடுகளில் குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அத்தனை ஆழத்தில் பாறை துளைத்தவர்களின் நுரையீரலில் சிலிக்காத் தூள் படிந்தது. அந்த உடம்பு எவ்வளவு பாறை உடைக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். அதற்கு எது நல்லது என்று கேட்டவர்கள் குறைவு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்தக் குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறும் அப்பாவும் அம்மாவும் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும் அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைக்குத் துணை செல்போன். காற்றடிக்கிற காலத்தில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் தூசு தெருவுக்கு வந்துவிடுகிறது. ஆக, பிள்ளை ஓடியாட மிச்சமிருக்கும் இடம் பள்ளிக்கூடம்தான். அங்கேயோ, பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் முதலில் கேட்டு வாங்குவது பி.டி. பீரியடை.

விளையாட்டு விழாவில் வேகமாக ஓடும் நாலு பேர் கோப்பை வாங்குவார்கள். கைதட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களைப் பற்றித்தான் என் கவலை. உடலறிவு என்ற கருத்தை 1993-ல் முன்வைத்த பிரிட்டிஷ் கல்வியாளர் மார்கரெட் வைட்ஹெட்டின் அக்கறையும் அவர்களையும் சேர்த்ததே: ஓட, தாவ, எறிய, பிடிக்க எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும், தன்னால் முடியும் என்ற தைரியமும், ஆயுசு முழுக்க உடம்பை அசைக்கும் ஆசையும் வளரவேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை ஆசிரியர் விட்டுவிடுவதில்லையே, பந்து பிடிக்க வராத பிள்ளையை மட்டும் ஏன் ஓரத்தில் உட்கார வைக்கிறோம்? அதிலும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக்கான அதன் கணக்கில், உலகெங்கும் 11–17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேருக்கு அது கிட்டவில்லை. உடற்கல்வி நமக்குப் புது விஷயமும் அல்ல. ஹாரி குரோ பக் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்.

எல்லாப் பிள்ளையையும் ஓடியாட வைக்கப் பெரிய செலவில்லை. பாண்டி ஒற்றைக்கால் சமநிலையைப் பழக்கும். பச்சைக்குதிரை தாவக் கற்றுத்தரும். கபடி மூச்சை அடக்கவும் சட்டென்று திரும்பவும் பழக்கும். தூசு பறக்கும் நாளில் வகுப்பறைப் பெஞ்சுகளை ஓரம்கட்டினால் கயிறு தாண்டலாம், சிலம்பத்தின் காலடி வரிசை பழகலாம். பரீட்சை நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் பி.டி. பீரியடை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று தலைமையாசிரியர் உறுதியாக நிற்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: என் பிள்ளை இந்த வாரம் எத்தனை மணி நேரம் மைதானத்தில் இருந்தது?