தூண்டில்காரர் கேட்ட சட்டம்

மீன் பிடிக்கப் போய் மீனுக்காகவே வாதாடிய ஒருவரின் கதை இது.

ஹென்றி சலிவன் தாமஸ். இங்கிலாந்துக்காரர். மதராஸ் மாகாண ஆட்சிப் பணியில் இருந்தார். 1873இல் அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவோருக்கு வழிகாட்டியானது. மஹ்சீர் என்ற பெரிய கெண்டை, சால்மனைவிட வலுவாகப் போராடும் என்றார். அதன் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் பல். நண்டையும் நத்தையையும் அங்கேதான் நொறுக்கும். மீன் எதைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டு இரை கோக்க வேண்டும் என்பதே அவருடைய பாடம். 1887இல் குளத்து மீன்பிடிக்கும் தனி நூல் எழுதினார்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார். நஞ்சு கலப்பதாலும் கண் சிறுத்த வலைகளாலும் குஞ்சுகள் அழிவதைக் கண்டு, சட்டம் வேண்டுமென்று அரசிடம் வற்புறுத்தினார். ஆற்றில் நஞ்சையும் வெடியையும் தடைசெய்யும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

நம் இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்வளச் சட்டம் இவற்றைத் தடைசெய்கிறது. கலஹா மலையில் இறங்கும் ஓடைகள் மகாவலிக்குத்தான் போகின்றன. அவற்றில் மருந்து கலக்காதீர்கள், வெடி போடாதீர்கள்.