லினக்ஸுக்கு மாறலாமா?

கணினி அறிவியல் படிக்காத ஆசிரியரால் லினக்ஸைக் கையாள முடியுமா? சங்கரன்கோவில் வட்டார ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளை ஒதுக்கிவிடுவதா, தொடர்ந்து பயன்படுத்துவதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

லினக்ஸ் நமக்குப் புதிதன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது.

எமிஸ் பதிவு, மின்னஞ்சல், காணொலி எல்லாம் உலாவியில் நடப்பவை, லினக்ஸிலும் நடக்கும். வினாத்தாள் தயாரிக்க லிபர்ஆபீஸ் போதும். சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது எந்தக் கணினிக்கும் நல்லது.

எடுத்த எடுப்பில் விண்டோஸை அழிக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை இயக்கி, அச்சுப்பொறி, வைஃபை, புரொஜெக்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா எனப் பாருங்கள். சரியாக இருந்தால், கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவலாம். நிறுவும் அன்று கணினி ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு நீங்களே போதும்.