அம்புக்குறிக்கு மொழி இல்லை

கேரளப் பள்ளிகளுக்கு ரோபோ வந்துவிட்டது, ஆனால் மேல் வகுப்புகளுக்குத்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் அது யாருக்கு அதிகம் உதவும்?

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் சில நிமிடம் நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டையாகின்றன. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை என்று நெய்யாற்றின்கரை வரை தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் குடித்தனம் நடத்துகின்றன. 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் மக்களின் நாக்கில் கோடு போடவில்லை.

இதனால் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. மலையாளத்தில் 'திரி' என்றால் திரும்பு. தமிழில் 'திரி' என்றால் ஊர் சுற்று. மனிதர்கள் இதைச் சிரித்தபடி சமாளித்துக்கொள்வார்கள். சொன்னதை மட்டுமே செய்யும் யந்திரத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அந்த யந்திரம் கேரளப் பள்ளிகளுக்குள் நுழைந்த கதை கவனிக்கத்தக்கது. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி 2017-ல் அரசு நிறுவனமாக மாறிய 'கைட்', 2022 டிசம்பரில் 2,000 உயர்நிலைப் பள்ளிகளுக்கு 9,000 ரோபோ பெட்டிகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆர்டுயினோ பலகை, சின்ன மோட்டார், வெளிச்சத்தை உணரும் சென்சார், பஸ்ஸர், ஒயர்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் உண்டு. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும், அதாவது சுமார் 4.3 லட்சம் பேருக்கு, ரோபோ பாடம் கட்டாயமானது. கையைக் காட்டினால் கிருமிநாசினி சொட்டும் கருவியைச் செய்வது முதல் பயிற்சி. அதற்குள் பள்ளிகளுக்குப் போன பெட்டிகள் 29,000. வகுத்துப் பார்த்தால் பெட்டிக்குப் பதினைந்து பேர். குழுவாகச் செய்யும்போது ஒயரைச் செருகும் கை ஒன்றாகவும் வேடிக்கை பார்க்கும் கண்கள் பலவாகவும் இருந்துவிடும் ஆபத்து இதில் உண்டு. இருந்தாலும் ஒரு மாநிலம் முழுக்க இதைப் பாடமாக்கியது சாதாரண வேலையில்லை. பாடப்புத்தகம் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கிறது என்பதும் எல்லையோரத்துக்கு முக்கியம்.

சரி, கீழ் வகுப்புகள்? ஒன்று முதல் நான்கு வரை 'களிப்பெட்டி' என்ற கம்ப்யூட்டர் பாடப்புத்தகம் உண்டு. தமிழ்க் காதுக்குக் கேழ்வரகு நினைவு வரலாம். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. பெயருக்கேற்ப விளையாட்டுதான், ஆனால் திரைக்குள். கையில் தூக்கித் தரையில் விடும் யந்திரம் மேல் வகுப்புகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. டெல்லியின் பார்வையும் இதுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை புரோகிராம் எழுதும் பயிற்சியை நடுநிலை வகுப்புகளில் தொடங்கச் சொல்கிறது. அடல் டிங்கரிங் கூடங்கள் ஆறாம் வகுப்புக்கு மேல்.

விந்தை என்னவென்றால், கல்விக்கான ரோபோ பிறந்ததே சிறு குழந்தைகளுக்காகத்தான். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஸைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் யந்திர ஆமை வந்தது. எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகள் என்ன செய்வது என்று யோசித்த மாணவி ரேடியா பெர்ல்மன், 1970-களின் நடுவில் ஆமைக்குப் பொத்தான் பெட்டி ஒன்றை அமைத்தார். மூன்றரை வயதுக் குழந்தைகூட அதை இயக்க முடிந்தது. (இன்றைய கம்ப்யூட்டர் இணைப்புகள் குழம்பாமல் ஓட வழி செய்தவர்களில் ஒருவரும் இதே பெர்ல்மன்தான்.)

அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை என்று பிரிட்டனின் 'பீ-பாட்' என்ற தேனீ பொம்மையைச் சொல்லலாம். அதன் முதுகில் நான்கு அம்புக்குறிகள். முன்னே ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், பக்க அம்பை அழுத்தினால் நின்ற இடத்திலேயே கால் வட்டம் திரும்பும். பழைய மாடல் 40 கட்டளைகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். திரை இல்லை, கீபோர்டு இல்லை, படிக்க ஓர் எழுத்து இல்லை. இங்கிலாந்தில் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டர் பாடம் 2014-ல் கட்டாயமானபோது இத்தகைய பொம்மைகளுக்கு நல்ல வேலை கிடைத்தது.

குழந்தை இதில் கற்பது பொத்தானை அழுத்துவதை அல்ல. பொம்மை தன்னைப் பார்த்து நிற்கும்போது அதன் வலது தன் இடது என்று ஏழு வயதில் கண்டுபிடிப்பது லேசான காரியமா? அழிப்புப் பொத்தானை அழுத்த மறந்தால் பழைய கட்டளைகளின் வாலில் புதியவை ஒட்டிக்கொள்ளும். தேனீ எங்கோ போய்ச் சுவரில் முட்டும். தவறு யந்திரத்தில் இல்லை, நாம் கொடுத்த வரிசையில் எங்கோ இருக்கிறது என்று பிள்ளைகள் பின்னோக்கி எண்ணத் தொடங்குவார்கள். புரோகிராம் எழுதுபவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுவே.

எல்லையோர வகுப்பறைக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் இரண்டும் பேசி, மலையாளமோ ஆங்கிலமோ பயிற்றுமொழியாக உள்ள வகுப்பில் உட்காரும் பிள்ளை பெரும்பாலும் வாய் திறக்கத் தயங்கும். பத்தாம் வகுப்பில் புத்தகம் தமிழில் இருந்தாலும் பைத்தான் மொழியின் 'இஃப்', 'எல்ஸ்' ஆங்கிலமே. அம்புக்குறிக்கு அந்த வேலியில்லை. பொம்மை முட்டிக்கொண்டதும் சண்டை எந்த மொழியில் வந்தாலும் பாதகமில்லை. 'இடத்தோட்டு' என்று ஒருவனும் 'இடது பக்கம்' என்று இன்னொருத்தியும் கத்தும்போது இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பது யந்திரம் திரும்பியவுடன் தெரிந்துவிடும்.

தடைகளும் உண்டு. பொம்மை இறக்குமதிச் சரக்கு. பேட்டரி தீரும், சக்கரம் உடையும். எல்லாப் பாடத்தையும் ஒரே ஆசிரியை நடத்தும் கீழ் வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பூட்டிய பீரோவில் உறங்கும் கருவிகளை நம் பள்ளிகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கின்றன.

ஆனால் தொடக்கத்துக்குப் பொம்மைகூட வேண்டாம். முற்றத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, ஒரு பிள்ளை கண்ணை மூடி ரோபோவாக நிற்க, மற்றவர்கள் சீட்டில் அம்புகளை வரைந்து வரிசையாக வைக்கலாம். ஒருவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ரோபோ நடக்கும். தவறினால் எந்தச் சீட்டு என்று தேட வேண்டும். நியூசிலாந்தின் டிம் பெல் குழுவினர் கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் அறிவியலைக் கற்பிக்கும் இத்தகைய முறைகளை 1990-களிலிருந்து பரப்பிவருகிறார்கள். ஒரு பருவம் இப்படி நடந்து பழகிய வகுப்புக்குப் பள்ளியில் இரண்டு பொம்மை வாங்கித் தந்தால் போதும். உயர்நிலைப் பள்ளி லிட்டில் கைட்ஸ் மாணவர்கள் மாதம் ஒரு பிற்பகல் கீழ்ப்பள்ளிக்கு வந்தால் ஆசிரியையின் சுமையும் குறையும். பத்தாம் வகுப்புக்கான பெட்டியை வாங்கும் அரசுக்கு இது பெரிய செலவில்லை.