சமையற்காரரின் புத்தகப் பெட்டி

பெரிய எழுத்தாளர்களின் ஜீவிய சரித்திரங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படும். எந்தத் தேசத்தில், எத்தகைய குடும்பத்தில் பிறந்தவராயினும், அவர்களிற் பெரும்பாலோர் பால்யத்தில் கையில் அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் விடாமல் படித்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். ஆயினும் அப்படிப் படிக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர் இருக்க, அவர்களுள் வெகு சிலரே பேனாவைக் கையில் எடுக்கிறார்கள். படிக்கும் ஆசை எவற்றோடு சேர்ந்து எழுதும் ஆற்றலாகப் பரிணமிக்கிறது என்பதை ஆராய விரும்புவோருக்கு, ருஷ்ய எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கியின் இளமைப் பருவம் மிகவும் உபகாரமானது. அதை அவரே மூன்று பாகங்களாக, ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

வால்கா நதிக்கரையிலுள்ள நிஷ்னி நொவ்கொரோட் நகரத்தில் 1868ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அலெக்ஸி. மூன்று பிராயம் முடிந்ததும் முடியாததுமாகத் தந்தையை இழந்த அந்தப் பிள்ளை, துணிகளுக்குச் சாயம் தோய்க்கும் தொழில் நடத்திய தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில், ஓயாத சண்டைக்கும் அடிக்கும் நடுவே வளர்ந்தான். பாட்டனார் விவிலியத்துச் சங்கீதப் புத்தகத்தை முன்னே வைத்து அவனுக்கு அட்சரம் கற்பித்தார். ஆனால் அட்சரமே அறியாத பாட்டியார்தாம், இரவு நேரங்களில் பழங்கதைகளையும் நாடோடிப் பாடல்களையும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி, கதையென்றால் இன்னதென்ற ருசியை அவன் நாவில் முதலில் தடவியவர். எழுத்தைப் படிக்கும் முன்பே அந்தச் செவிக்கு மொழியின் தாளம் பழகியிருந்தது.

சிறுவனாயிருந்தபோது, வீட்டிலிருந்த ஒரு தடித்த புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே அகப்பட்ட ஒரு ரூபிளை எடுத்துக்கொண்டு போய், அவன் ஆண்டர்ஸனுடைய கதைகளை வாங்கினான். குற்றம் வெளிப்பட்டதும் தாயார் அடித்தார். அதோடு அந்தப் புத்தகத்தையும் பறித்து மறைத்துவிட்டார். அடியைக் காட்டிலும் புத்தகம் போனதே தன்னை அதிகம் வருத்தியது என்று பிற்காலத்தில் கார்க்கி எழுதுகிறார்.

1879இல் தாயாரும் இறந்தார். பாட்டனார் அவனைப் பிழைப்புத் தேடிக்கொள்ளும்படி வெளியே அனுப்பிவிட்டார். செருப்புக் கடையில் எடுபிடியாகவும், கட்டட வரைபடம் வரைபவர் ஒருவர் வீட்டில் ஏவலாளாகவும் இருந்த பின், அலெக்ஸி வால்காவில் ஓடும் நீராவிக் கப்பலொன்றில் பாத்திரம் துலக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் கப்பலின் சமையற்காரர் ஸ்முரி என்பவர், பட்டாளத்திலிருந்து விலகியவர். பெரிய தேகமும் முரட்டுச் சுபாவமும் உடையவர். அவரிடம் இரும்புப் பூண் கட்டிய ஒரு கறுத்த பெட்டி நிறைய, நல்லதும் அல்லாததுமாகக் கலந்து கிடந்த புத்தகங்கள் இருந்தன. பாத்திரங்கள் குவிந்து கிடக்க, மற்ற வேலையாட்கள் முணுமுணுக்க, அவர் சிறுவனைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று படிக்கச் சொல்லிக் கேட்பார். விளங்காவிட்டால் விளங்கும்வரை திரும்பத் திரும்பப் படி என்பதே அவருடைய உபதேசம். கோகோல் எழுதிய 'தாராஸ் புல்பா'வை அவன் உரக்கப் படித்து வருகையில் அந்த முரட்டு மனிதர் கண்ணீர் விட்டு அழுதார். அச்சில் கிடக்கும் வார்த்தை, வாயிலிருந்து புறப்பட்டு, கேட்பவன் நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை அந்தச் சிறுவன் தன் கண்ணாலேயே கண்டான். தனியே அமர்ந்து கண்ணால் மட்டும் படிப்பவனுக்கு எளிதில் கிட்டாத ஞானம் இது.

மீண்டும் வரைபடக்காரர் வீட்டுக்கே அவன் வேலைக்கு வந்தபோது, படிப்பதே அங்கே குற்றமாயிற்று. இரவில் அவன் படித்துவிடாதபடி அவ்வீட்டுக் கிழவி மெழுகுவர்த்தியின் நீளத்தைக் குச்சியால் அளந்து வைப்பாள். அவனோ, விளக்குத்தண்டுகளில் வழிந்த கொழுப்பைச் சுரண்டித் தகர டப்பியில் சேர்த்து, நூலைத் திரியாக இட்டுத் தானே ஒரு விளக்குச் செய்துகொண்டான். ஒரு நாள் படிப்பில் மூழ்கியிருந்த வேளையில் தேநீர்க் கொதிகலம் காய்ந்து பாழாகிவிட, பைன் மரச் சுள்ளிகளால் அவனை அடித்த அடியில் முதுகில் ஏறிய சிம்புகள் 42ஐ வைத்தியர் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கொடுமையைப் பற்றிப் புகார் எழுதித் தருவதாக வைத்தியர் சொல்லியும் அவன் மறுத்துவிட்டான். அதற்குக் கைம்மாறாக, அண்டையில் குடியிருந்த ஒரு தையற்காரரின் மனைவியிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படிக்க அனுமதி கிடைத்தது.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய கட்டம் வருகிறது. அதுவரை கதையின் ஓட்டத்திலேயே மனத்தைப் பறிகொடுத்திருந்த சிறுவன், பால்ஸாக்கின் 'யூஜினி கிராந்தே'யைப் படித்தபோது, அதில் வரும் கருமிக் கிழவரிடத்தில் தன் சொந்தப் பாட்டனாரின் சாயலைக் கண்டான். தான் அன்றாடம் பார்க்கும் மனிதர்களும் புத்தகத்திற்கு உரிய பொருளாவார்கள் என்ற உண்மை அவனுக்கு அப்பொழுது புலப்பட்டது. பின்னர் ஒரு பண்டிகை நாளின் மாலையில், கொட்டகைக் கூரைமீது அமர்ந்து ஃபிளாபேரின் 'எளிய உள்ளம்' என்ற கதையைப் படித்தான். ஒரு வேலைக்காரியின் சாமானியமான வாழ்வு, தான் நன்கறிந்த சாதாரணச் சொற்களால் சொல்லப்பட்டிருக்க, அது தன்னை இவ்வளவு உலுக்கியது எப்படி என்று திகைத்து, வரிகளுக்கிடையே ஏதோ வித்தை ஒளிந்திருக்கிறதென எண்ணி, ஏடுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பலமுறை உற்றுப் பார்த்தானாம். 'அடுத்து என்ன நடந்தது' என்று கேட்பவன் வாசகன். 'இதை எப்படிச் செய்தார்' என்ற கேள்வி என்றைக்கு எழுகிறதோ, அன்றைக்கே அந்த வாசகனுக்குள் எழுத்தாளன் பிறந்துவிடுகிறான்.

பிறந்தவன் வளர நாளாகும். திருவுருவப் படங்கள் தீட்டும் பட்டறையில் இருந்தபோது, அலெக்ஸி வேலையாட்களுக்கு இரவில் உரக்கப் படித்துக் காட்டினான். லெர்மன்தவின் காவியத்தைக் கேட்டு அவர்கள் தம் வேலையையும் மறந்து நின்றார்கள். 1884இல் பல்கலைக்கழகத்தில் சேரும் கனவோடு கஸான் நகரம் சென்றான். ஏழைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. படகுத்துறையில் மூட்டை சுமந்தும், ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தும் ஜீவனம் நடத்திய அக்காலத்திலேயே, அரசாங்கம் தடுத்திருந்த நூல்களை ரகசியமாகச் சேர்த்து வைத்திருந்த ஒருவரின் புத்தகசாலை அவனுக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பிறகு தென் ருஷ்யாவெங்கும் கால்நடையாகத் திரிந்து திஃப்லிஸ் நகரை அடைந்து, வழியில் கண்டதையும் கேட்டதையும் அங்கே ஒரு நண்பரிடம் விவரிக்க, அவற்றை எழுதும்படி அந்நண்பர் வற்புறுத்தினார். 1892ஆம் ஆண்டு அந்நகரத்துப் பத்திரிகையொன்றில் 'மகர் சூத்ரா' என்ற கதை வெளிவந்தது. மாக்ஸிம் கார்க்கி என்ற புனைபெயர் அச்சேறியது அதுவே முதல் தடவை.

எழுதத் தொடங்கியது ஏன் என்பதற்கு, 1928இல் தாம் எழுதிய வியாசமொன்றில் அவர் இரண்டு காரணங்கள் சொல்லுகிறார்: சலிப்பும் வறுமையுமான வாழ்வு தம்மை நெருக்கியது ஒன்று, உள்ளே நிரம்பிய அனுபவங்கள் எழுதாமல் இருக்கவிடாதது மற்றொன்று. புத்தகம் அவருக்கு மொழியையும் வடிவத்தையும் அளித்தது. சொல்லவேண்டிய விஷயத்தை வாழ்வுதான் அளித்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவருடைய சிருஷ்டிகள் தோன்றியிரா.

இவற்றிற்கெல்லாம் மேலாக என் மனத்தில் நிற்பது மற்றோர் உண்மை. கதை சொன்ன பாட்டியார், பெட்டியைத் திறந்துவிட்ட சமையற்காரர், இரவல் கொடுத்த தையற்காரரின் மனைவி, மெய்ம்மறந்து கேட்ட பட்டறை வேலையாட்கள் ஆகிய இவர்களில் ஒருவரும் எழுத்தாளர் அல்லர். ஆயினும் இவர்கள் இல்லையேல் கார்க்கி இல்லை. அந்தக் கடனை மறவாத அவரும், தாம் புகழடைந்த பின், தொழிலாளரும் குடியானவரும் அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளை நூற்றுக்கணக்கில் பொறுமையாகப் படித்து அபிப்பிராயம் எழுதி வந்தார்.

ஆகையால், பாடத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிப் பிள்ளையின் கையிலிருக்கும் கதைப் புத்தகத்தைப் பறிக்கும் பெற்றோரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அதைப் பறிக்காதீர்கள், மாலையில் சிறிது நேரம் அதை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் அமர்ந்து கேளுங்கள், ஊர் நூலகத்துக்கு அழைத்துச் சென்று அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள், சந்தையையும் பட்டறையையும் வயல்வெளியையும் பார்க்க அனுப்புங்கள். அப்படி வளரும் பிள்ளைகளுள் எழுத்தாளர் ஆகிறவர் ஒரு சிலரே ஆகலாம். அந்தச் சிலர் இன்னாரென்று முன்கூட்டி அறியும் வழி நமக்கில்லாமையால், எல்லாப் பிள்ளைகளின் கையிலும் புத்தகம் சேரும்படி செய்வதே முறை.