சமாதானப் பணியில் பெண்கள்: கிராமச் சங்கத்திலிருந்து வலையமைப்பு வரை

சமாதானம் என்றதும் எமது நினைவுக்கு வருவது பெரிய மண்டபமும் நீண்ட மேசையும் அதன் இருபுறமும் அமர்ந்திருக்கும் ஆண்களுமே. ஆனால் காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் அமர்ந்தவர்களும், முட்கம்பி வேலியின் முன் கொட்டில் போட்டுத் தமது காணியைக் கேட்டவர்களும், சண்டை நடந்த காலத்திலேயே மற்றச் சமூகத்துப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசியவர்களும் பெரும்பாலும் பெண்களே. இதனைச் சமாதானப் பணி என்று எவரும் சொல்வதில்லை. அதனால் தீர்மானம் எடுக்கும் இடத்தில் இப்பெண்களுக்குரிய ஆசனமும் கிடைப்பதில்லை.

அன்னையர் தொடக்கிய பாதை

1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைதுசெய்யப்பட்டபோது, அவர்களை விடுவிக்கக் கோரி அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. அடுப்படியிலிருந்து கச்சேரி வாசல்வரை பெண்கள் ஒன்றாக நடந்தார்கள். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த அன்னை பூபதி, போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டி 1988 மார்ச் 19ஆம் திகதி மாமாங்கத்தில் உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரல் 19ஆம் திகதி உயிர்நீத்தார்.

தென்னிலங்கையிலும் இதே துயரம் இருந்தது. காணாமற்போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் 1990இல் மாத்தறையில் தமது அன்னையர் முன்னணியைத் தொடங்கினர். அதற்கு எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் துணைநின்றனர். 1994இல் ஆட்சி மாறியபின் அந்த முன்னணியின் வேகம் தணிந்தது. ஓர் அமைப்பு கட்சியொன்றின் நிழலில் வளர்ந்தால் அக்கட்சியின் தேவை முடிந்ததும் தளர்ந்துவிடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

1998இல் கிளிநொச்சிச் சமரில் காணாமற்போன படைவீரரொருவரின் தாயான விசாகா தர்மதாச, பின்னர் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை உருவாக்கினார். எதிரெதிர்த் தரப்புகளில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அதில் ஒன்றாக அமர்ந்தனர். கொழும்பு முகாமொன்றில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்குச் சென்று வேரூன்றியது.

பேச்சுமேசையில் கிடைத்த சிறு இடம்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, செப்டெம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இரு தரப்புக் குழுக்களிலும் பெண்கள் மிக அரிதாகவே இருந்தனர். சமாதான முயற்சிகளில் பெண்கள் பங்குபற்ற வேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 1325ஆம் இலக்கத் தீர்மானம் நிறைவேறி (2000 ஒக்டோபர் 31) அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெண்கள் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்குக் கிழக்குக்குச் சென்ற பெண்கள் குழுவொன்று, பாதிக்கப்பட்ட பெண்களைச் சந்தித்து அவர்களின் கோரிக்கைகளைத் திரட்டியது.

டிசெம்பரில் ஒஸ்லோவில் பெண்களுக்கான குழுவொன்றை அமைக்க இரு தரப்பும் இணங்கின. இதுவே பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு. அரசாங்கத் தரப்பில் ஐவரும் விடுதலைப் புலிகள் தரப்பில் ஐவருமாகப் பத்துப் பெண்கள் 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் சந்தித்தனர். ஒரு தரப்புக்குக் கலாநிதி குமாரி ஜயவர்தனவும் மறுதரப்புக்குத் தமிழினியும் தலைமை வகித்தனர். மீள்குடியேற்றம், பெண்களின் தனிப்பட்ட பாதுகாப்பு, உட்கட்டமைப்பு வசதிகள், வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் ஆகியவற்றைத் தமது வேலைத்திட்டத்தில் சேர்த்தனர்.

ஆனால் ஏப்ரலில் பிரதான பேச்சுவார்த்தை இடைநின்றதும் உபகுழுவின் பணியும் நின்றுபோயிற்று. மேலிருந்து கொடுக்கப்பட்ட இடம் மேலிருந்தே பறிபோனது. கிராமங்களில் இயங்கிய பெண்கள் குழுக்களோ எவரது அனுமதிக்கும் காத்திராமல் தொடர்ந்து வேலை செய்தன.

யுத்தத்தின் பின்னர்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. பெண்களின் கேள்விகள் முடியவில்லை. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தை அறிய, சிவில் சமூகத்தைச் சேர்ந்த பதினொருவர் கொண்ட செயலணி நியமிக்கப்பட்டது. அதற்கு மனோரி முத்தெட்டுவேகம என்ற பெண்மணியே தலைவர். நாடெங்கும் 7,306 கருத்துரைகள் கிடைத்தன. பாதிக்கப்பட்ட பெண்களைச் சபைக்கு அழைத்துவருவதிலும், அவர்கள் அச்சமின்றிப் பேசத் துணைநிற்பதிலும் உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளின் பங்கு பெரியது. 2017 ஜனவரியில் வெளியான அறிக்கையின் பரிந்துரைகளில் பெரும்பகுதி இன்னும் ஏட்டிலேயே உள்ளது.

சட்டத்திலும் சில மாற்றங்கள் வந்தன. கணவர் காணாமற்போன பெண் முன்னர் மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கிப் பணத்தையோ சொத்தையோ கையாள முடியாமல் தவித்தாள். மரணச் சான்றிதழ் பெறவோ அவள் மனம் இடங்கொடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணப்படாமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. உறவினர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே நலன்புரி உதவி, சொத்து நிர்வாகம், பிள்ளைகளின் பாதுகாவல் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க அது வழிசெய்கிறது. எனினும் உண்மையை அறியும் உரிமைக்கு இது ஈடல்ல என்பதில் தாய்மார் உறுதியாக இருக்கின்றனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்கள் அந்த உறுதியின் வெளிப்பாடே. பதிலைக் காணாமலே பல தாய்மார் இறந்துவிட்டனர்.

காணி விடயத்திலும் பெண்களின் உறுதி பலன் தந்தது. முல்லைத்தீவு கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலக்குடியிருப்பு மக்கள், 2017 ஜனவரி இறுதியில் தமது காணிகளின் முன்னால் இரவு பகலாக அமர்ந்தனர். அதில் முன்னின்றவர்கள் பெண்கள். ஒரு மாதத்தில் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக்கொடியுடன் சென்று தமது தீவில் இறங்கினர். அப்படகுகளிலும் பெண்கள் இருந்தனர்.

வலையமைப்பு ஏன் தேவை?

ஒரு பெண் தனியாக அலுவலகத்துக்குப் போனால் “நாளைக்கு வாங்கோ” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஐந்து பேர், கடிதத்தின் பிரதியுடன் போனால் பதில் சொல்லவேண்டி வரும். பத்துக் கிராமங்களில் ஒரே பிரச்சினை இருப்பது தெரிந்தால், அது தனியாள் முறைப்பாடாக இல்லாமல் மாவட்டப் பிரச்சினையாகிறது. அதனைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொழும்புக்குக் கொண்டுபோகத் தேசிய மட்ட அமைப்பு உதவுகிறது. சங்கம், மாவட்ட வலையமைப்பு, தேசிய அமைப்பு ஆகிய மூன்றும் இணைந்தால்தான் வேலை நடக்கும். இதில் ஒன்று அறுந்தாலும் கிராமத்துப் பெண்ணின் குரல் பாதிவழியில் நின்றுவிடும்.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு கிடைத்ததும் இவ்வாறான நீண்டகாலக் கூட்டு முயற்சியினால்தான். முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேராக இருந்த பெண் உறுப்பினர்கள், 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் ஐந்தில் ஒருவருக்கு மேலாயினர். 1325ஆம் தீர்மானத்தை நடைமுறைப்படுத்த 2023 முதல் 2027 வரையான தேசியச் செயற்றிட்டமும் இருக்கிறது. உங்கள் பிரதேசத்தில் அதன்கீழ் என்ன செய்யப்படுகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

• சங்கக் கூட்டத்தில் பேசியதைத் திகதியுடன் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கொடுத்த கடிதம் ஒவ்வொன்றின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

• தலைவி, செயலாளர் பதவிகளை ஒருவரே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காமல் இளம் பெண்களுக்கும் பழக்குங்கள்.

• அயலிலுள்ள முஸ்லிம், சிங்களப் பெண்களின் சங்கங்களுடன் தொடர்பு வைத்திருங்கள். வதந்தி பரவும் நாளில் நேரடியாகக் கேட்டறிய ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும்.

• கூட்ட நேரத்தைப் பிள்ளைகளின் பாடசாலை, கூலிவேலை நேரங்களுக்கேற்ப வையுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்கள் வந்துபோக வசதி செய்யுங்கள்.

• உதவித் திட்டம் முடிந்தாலும் சங்கம் முடிந்துவிடக்கூடாது. மாதாந்தச் சிறு சந்தாவே அதன் முதல் பலம்.

அடுத்த முறை சமாதானம் பற்றிப் பேச மேசை போடப்படும்போது, எமது பெண்களின் கோரிக்கைகள் எழுத்தில் தயாராக இருக்க வேண்டும். அந்த வேலையை உங்கள் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.