உரிமம் உண்டு, உத்தரவாதம் உண்டா? கைத்துப்பாக்கி வாங்குவோரின் கேள்வி

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: கொச்சி துறைமுகத்தின் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தை 2011 பிப்ரவரி 11-ம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். உலகின் பல நாடுகளில் தயாராகும் பொருள்கள் அங்கு வந்து இறங்குகின்றன. ஆனால், தற்காப்புக்காக உடையில் மறைத்து வைத்துக்கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை, முறையான உரிமம் இருந்தாலும், சாதாரண குடிமகன் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அந்த வழியாகத் தருவிக்க முடியாது.

தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்கு 1980-களின் நடுப்பகுதியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும், வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் தாயகம் திரும்புவோருக்கும் கடும் நிபந்தனைகளுடன் சில விலக்குகள் உண்டு. மற்றவர்கள் உள்நாட்டில் கிடைப்பதைத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, உள்நாட்டில் கிடைப்பதன் தரம் என்ன என்ற கேள்வி, வாங்குபவரின் உயிரையும் அவர் அருகில் நிற்பவரின் உயிரையும் சார்ந்த கேள்வியாகிறது.

அரசின் கையில் சந்தை

ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. .38, .455 ரகங்களும் அப்படியே. எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது .32 ரகம். அந்த ரகத்தில் ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் நீண்டகாலம் தயாரித்து விற்றவை கான்பூர், இசாப்பூர் போன்ற ஊர்களில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளே. 2021 அக்டோபர் 1-ம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 7 பொதுத்துறை நிறுவனங்கள் உருவாயின. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உள்ளிட்ட சிறு ஆயுதத் தொழிற்சாலைகள், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன.

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடூரத்துக்குப் பின், பெண்களுக்கானது என்ற அறிவிப்புடன் 2014 ஜனவரியில் "நிர்பீக்' ரிவால்வர் வெளிவந்தது. எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை ரூ.1,22,360. 2023 ஆகஸ்டில் அறிமுகமான "பிரபல்' ரிவால்வரின் எடை 700 கிராம்; குழலின் நீளம் 76 மி.மீ. தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும் முதல் இந்திய ரிவால்வர் என்று அதை அறிமுகப்படுத்தினர். விசையை எளிதாக இழுக்கலாம் என்பதும் அப்போது முன்வைக்கப்பட்ட சிறப்புகளில் ஒன்று. விசையின் கனம் ஒரு பிரச்னை என்பதைத் தயாரிப்பாளரே உணர்ந்திருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அரை கிலோ துப்பாக்கி, ஐந்து கிலோ விசை

ரிவால்வரின் சுத்தியலைக் கையால் பின்னிழுத்து வைக்காமல் நேரடியாகச் சுட வேண்டுமானால், விசையின் மீது ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தேவைப்படும். அந்த ஒரே இழுப்பில் உருளை சுழல வேண்டும். சுத்தியலும் பின்னுக்குச் சென்று பாய வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரை கிலோ. தன் எடையைப்போல் பத்து மடங்கு அழுத்தம் கொடுக்கும்போது, பழகாத கையில் துப்பாக்கியின் முனை இலக்கிலிருந்து விலகிவிடும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் தூரமும் குறைகிறது. சிறு பிசகும் பெரிதாகிறது.

அப்படியானால் வில்சுருளைத் தளர்த்தி விசையை இலகுவாக்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் விலை உண்டு. சுத்தியலின் வேகம் குறைந்தால் தோட்டாவின் பின்புற மருந்து பற்றாமல் போகலாம். விசை அளவுக்கு மீறி இலகுவானால், பதற்றத்தில் விரல் பட்டாலே வெடிக்கும்.

பிஸ்டலில் சிக்கல் வேறு விதமானது. உருவம் சிறுத்தால் மேல் பகுதி பின்னோக்கி நகரும் தூரமும் குறைகிறது, வில்சுருள் கடினமாகிறது. காலித் தோட்டா வெளியேறி அடுத்தது ஏறுவதற்கான அவகாசம் மிகக் குறைவு. பிடி தளர்ந்திருந்தாலோ, வியர்வையும் தூசியும் சேர்ந்திருந்தாலோ தோட்டா சிக்கிக்கொள்ளும். கொச்சி, சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் உப்புக் காற்றில் உடலோடு ஒட்டியிருக்கும் துப்பாக்கிக்குத் துருவும் எதிரி.

வெளிநாட்டு அனுபவம்

தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க நியூயார்க் காவல்துறை, தன் பிஸ்டல்களின் விசையை வழக்கமான 2.5 கிலோ அளவிலிருந்து 5.4 கிலோ அளவுக்குக் கனமாக்கி வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் 24-ம் தேதி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே ஒரு கொலையாளியை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டனர். அவர்களது குண்டுகளும் சிதறல்களும் பட்டு வழிப்போக்கர்கள் 9 பேர் காயமடைந்தனர். கனமான விசை குறியைக் கெடுக்கிறதா என்ற விவாதம் அதன்பின் வலுத்தது.

மறுபுறம், அமெரிக்காவில் பரவலாக விற்கும் சிக் சாவர் பி320 பிஸ்டல், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது 2017-ல் தெரியவந்தது. நிறுவனம் இலவசமாக மாற்றியமைத்துத் தர முன்வந்தது. விசையைத் தொடாமலே வெடித்தது என்று பின்னர் பலர் வழக்குத் தொடர்ந்தனர். நிறுவனம் அதை மறுத்து வருகிறது. நுகர்பொருள் பாதுகாப்பை மேற்பார்வையிடும் அமெரிக்க ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மீது அதிகாரம் இல்லை என்று அந்நாட்டுச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. எனவே குறைகள் வெளிவருவது நீதிமன்றங்கள் வழியாகத்தான்.

நாடாளுமன்றம் பேசியதும் பேசாததும்

ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் 5-வது இனம். ஆகவே இதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் நாடாளுமன்றமே. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் திருத்தம் கொண்டுவரப்பட்டபோது, விவாதம் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்கவே மசோதா முதலில் வகை செய்தது. எதிர்ப்பு எழவே, உள்துறை அமைச்சர் அமித் ஷா அதை இரண்டாக்கினார். கொண்டாட்டங்களில் பொறுப்பின்றிச் சுடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை என்ற பிரிவும் சேர்ந்தது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது. இவையெல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்துபவை. துப்பாக்கியைச் செய்பவரின் கடமை விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், விண்ணப்பதாரருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்கின்றன. ஆனால் வாங்கக்கூடிய தோட்டாக்களுக்கும் விதிகளில் வரம்பு உண்டு. ஆகையால் தன் துப்பாக்கியை நம்பலாமா என்று சில நூறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து அறியும் வாய்ப்பு இங்கு பெரும்பாலோருக்கு இல்லை. அவர் தயாரிப்பாளரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது.

நாட்டில் 2016 இறுதியில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்துக்கும் அதிகமானவை உத்தரப் பிரதேசத்தில். அந்த மாநிலத்தின் சண்டிலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனத்தின் .32 ரிவால்வர் 2020-ல் தயாராகத் தொடங்கியதும், அரசு ஆலைகளுக்குப் போட்டி உருவானது. போட்டி விலையைக் குறைக்கலாம். தரத்தை உறுதி செய்ய அது மட்டும் போதாது.

துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. உரிமம் குறைவாக வழங்கப்படுவதே நல்லது என்போரும், குடிமகனின் தற்காப்பு உரிமையை வலியுறுத்துவோரும் ஒரு விஷயத்தில் உடன்படலாம். அரசு அனுமதித்து, பெரும்பாலும் அரசே தயாரித்து விற்கும் ஆயுதம், சுட வேண்டாதபோது வெடிக்கக் கூடாது. சுட வேண்டியபோது மௌனம் சாதிக்கவும் கூடாது. கீழே விழுந்தால் என்னாகும், விசையின் கனம் எவ்வளவு, எத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை பழுதாகிறது என்ற சோதனை முடிவுகளை ஒவ்வொரு ரகத்துக்கும் வெளியிடச் செய்ய, புதிய சட்டம்கூடத் தேவையில்லை. விதிகளில் ஒரு திருத்தம் போதும். அதைக் கேட்க, அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து நின்றாலே போதும்.